கை தட்டிப் பாடும் தெலுங்கு

ஞாயிறு, இரவு.

என்னைக் கேட்காமலே செல்போன் தெலுங்கு வகுப்பில் என்னைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டார்கள். ஆந்திராவில், நகரியில் தறி ஓட்டி, ஆயுசு முழுக்கத் தெலுங்கில் வியாபாரம் பேசியவன் நான். படிக்கத்தான் தெரியாது. தமிழை மட்டும் பேப்பர் பார்த்து நானே படித்துக்கொண்டேன்.

முன்பு ஒருமுறை திருப்பதி ஆஸ்பத்திரியில் தெலுங்குப் பலகை புரியாமல் என் பெண்டாட்டி சரோஜாவை வேறு வரிசையில் நிறுத்திவிட்டேன். சரியான வரிசைக்கு வருவதற்குள் இதய டாக்டர் போய்விட்டார். அதற்காகத்தான் மகன் இந்த வகுப்பில் சேர்த்தான். ஆஸ்பத்திரிப் பலகையை வைத்தே சொல்லிக்கொடும்மா என்று இன்றும் டீச்சரிடம் கேட்டேன்.

"மொதல்ல எழுத்துப் பாட்டு, தாத்தா. கை தட்டிப் பாடுங்க."

பிள்ளைகள் சிரித்தன. வழக்கம்போல் பாட்டு ஓட ஓட, போனைச் சரோஜா படுத்திருந்த கட்டிலில் போட்டுவிட்டு வெளியே போனேன்.

சாயங்காலம் சரோஜா மருந்துக்கடைப் பையில் இருந்த தெலுங்கை எழுத்துக்கூட்டிப் படித்தாள். உனக்கு எப்படி வந்தது என்று கேட்டேன்.

"வாரா வாரம் நீ கோவிச்சிக்கினு போயிடுவ. நான் பாடிக்கினு கெடந்தேன். உனுக்குத்தான் வெக்கம், எனுக்கு இன்னா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

பெரியவர்களுக்கு டீச்சர் தனி வகுப்பு வைக்க வேண்டும். மகன் அதை டீச்சரிடம் கண்டித்துச் சொல்ல வேண்டும். புதன்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஆஸ்பத்திரியில் சரோஜாதான் பலகை படிக்க வேண்டும். பாடித்தான் எழுத்து ஞாபகம் வருமென்றால் அங்கேயே பாடட்டும். நடுவில் மூச்சு வாங்கினால் மிச்சத்தை நான் பாட வேண்டும். கை தட்ட மாட்டேன்.