அப்பா சுறாவுக்குக் கட்டிய பல் செட்

என் சிரிப்புக்காரச் செல்ல அப்பாவுக்கு,

நலமான்னு கேட்டுத்தான் எல்லாரும் கடிதம் தொடங்குவாங்க. உங்ககிட்ட அதைக் கேட்கலாமா, கூடாதா? தெரியலை. அதனால நேரா விஷயத்துக்கு வாரேன். கடையைக் காலி பண்ணிட்டோம்ப்பா.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நீங்க பல் செட் கட்டின இடத்தில் இப்போ செல்போன் கவர் விக்கிறாங்க. உங்க போர்டை அம்மா கட்டிலுக்கு அடியில் வச்சிருக்காங்க. சங்கரன்கோவிலே உங்களை 'பல் செட் ஞானம்'னுதான் கூப்பிடும். ஆனா ஞானப்பல் மட்டும் நீங்க யாருக்குமே கட்டினதில்லை!

மத்த சாமானை எல்லாம் குடுத்தாச்சு. ஒண்ணை மட்டும் நான் விடலை. அது ஃபிரிட்ஜில் தோசைமாவுச் சட்டிக்குப் பக்கத்தில் இளிச்சுக்கிட்டு இருக்கு. நீங்க சுறாவுக்குக் கட்டின செட்.

போன வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள் சபை வேனில் கடலுக்குப் போனோமே. உவரிக்குத் தெற்கே, அலை அரிச்ச சுண்ணாம்புப் பாறை ஓரமா, மணலில் கறுப்பா முக்கோணமா ஒண்ணு மினுங்குச்சு. நான் கல்லுன்னேன். நீங்க அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தீங்க. "ஏட்டி, இது பல்லு. எனாமல் மினுக்கம் எனக்குத் தெரியாதாக்கும்?" அப்புறம் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் மறந்து, குனிஞ்சவங்க குனிஞ்சபடியே ஒரு கை நிறையப் பொறுக்கினோம். எல்லாமே கறுப்பும் சாம்பலும். "பூராம் புகையிலை போட்ட சுறா போலுக்கே"ன்னு நீங்க சொன்னதை வேனில் எல்லாருமே நம்பினாங்க. நீங்களே நம்பினீங்கன்னுதான் நினைக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் ரோஸ் மெழுகை இளக்கி, மனுஷ வாய்க்கு அடுக்குற மாதிரியே அடுக்க ஆரம்பிச்சீங்க. முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல்.

"சுறாவுக்குக் கடைவாய்ப்பல் உண்டாப்பா?"

"பின்ன மெல்லாமலா முழுங்கும்?"

"அப்ப அது கடைவாய்ப்பல் இல்ல, கடல்வாய்ப்பல்."

மாவு மில் அண்ணாச்சி தன் செட்டை வாங்க வந்தப்போ நான் கண்ணைக் காட்டினேன். நீங்க முகத்தை இறுக்கி வச்சுக்கிட்டு இதை எடுத்து நீட்டினீங்க. "எலும்பு கடிக்கணும்னு கேட்டீரே வே, இந்தா பிடியும்."

"ஏ ஞானம், இதை மாட்டிட்டுப் போனா எம்பொண்டாட்டி கதவைத் திறப்பாளா வே!"

சிரிச்சு முடிச்சதும் நடுவில் ரம்ப விளிம்போட இருக்கிற பெரிய பல்லை உத்துப் பார்ப்பீங்க. "இவன் யாருட்டி? எந்தச் சுறா? அது மட்டும் தெரிஞ்சிட்டா மெழுகை எடுத்துட்டு கெட்டி செட்டா வார்த்துரலாம்." தெரியறதுக்குள்ள உங்க நெஞ்சு நின்னுபோச்சு.

இந்தச் சித்திரையில் கரண்ட் போய்ப் போய் வருது. ஃபிரிட்ஜுக்குள்ளேயே மெழுகு ஓரத்தில் தொய்ய ஆரம்பிச்சிருச்சு. பயந்துபோய், கல்லூரியில் பாறையும் புதைபடிவமும் பாடம் நடத்துற ஒரு மேடத்துக்கு போட்டோ அனுப்பினேன். புகையிலை இல்லையாம்ப்பா. லட்சக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து ஏறின கறுப்பாம். இப்போ விழுந்த பல்லுன்னா வெள்ளையா இருக்குமாம். சுறாவுக்குப் பல் செட்டே வேண்டாமாம். முன்னால ஒண்ணு விழுந்தா, பின்வரிசையில் இருந்து இன்னொண்ணு அந்த இடத்துக்கு வந்துடுமாம்.

எங்களுக்குப் பின்வரிசை இல்லையேப்பா.

எந்தச் சுறான்னு சொல்ல வேரைப் பார்க்கணும், மெழுகை எடுன்னு சொல்லிட்டாங்க. நடுப்பல்லோட வேர் மேலதான் உங்க பெருவிரல் பதிஞ்சிருக்கு. அழுத்தி நட்டது நல்லா தெரியுது. ஒவ்வொரு ரேகையும் அப்படியே இருக்கு. நீங்க கேட்டுக்கிட்டே இருந்த கேள்விக்கு பதில் அதுக்கு அடியில். பதிலை எடுத்தா உங்க விரல் போயிடும். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

சனிக்கிழமை மத்தியானம் அம்மா ஏனத்தில் வெந்நீர் கொண்டுவந்தாங்க. நடுப்பல் இருக்கிற துண்டை உங்க மெழுகுக் கத்தியாலேயே முதலில் வெட்டித் தனியா வச்சேன். மத்ததை நீரில் விட்டதும் ஒண்ணொண்ணா கழண்டுச்சு. மேடம் அனுப்பின படங்களோட ஒத்துப் பார்த்தேன். ஊசி மாதிரி ஒல்லியா, அடியில் ரெண்டு பக்கமும் குட்டிக் கூர் வச்சிருந்தது மணற்புலிச் சுறா. சேவல் கொண்டை மாதிரி சாய்ஞ்சு, விளிம்பெல்லாம் ரம்பப் பல்லா இருந்தது புலிச்சுறா. நீங்க வாயில்லாச் சுறாவுக்குக் கட்டின கடைவாய்ப்பல், நண்டுக்கொடுக்கு நுனி! கத்திச் சிரிச்சுட்டு, உங்ககிட்ட சொல்லத் திரும்பினேன். அங்கன ஃபிரிட்ஜ்தான் நின்னுச்சு.

கடைசித் துண்டை எடுத்தேன். அம்மா அதை வாங்கி, அந்தப் பள்ளத்தில் தன் பெருவிரலை வச்சுப் பார்த்தாங்க. நிறையலை, சுத்தி இடம் கிடந்துச்சு.

"இம்புட்டுப் பெரிய விரலா? இத்தனை வருஷம் கூடவே இருந்தேன், பாக்கலையே."

அப்புறம் அவங்களே, "இதை விட்டுரு மக்கா. தண்ணியை நான் கொட்டுதேன்"னு ஏனத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

விட்டுட்டேன்ப்பா. ஆனா உங்க கேள்வியை விடலை. அதே அகலத்தில், அதே ரம்ப விளிம்போட இன்னொரு பல் அந்தப் பாறை ஓரத்தில் கிடக்காமலா போகும்? எத்தனை ஈஸ்டர் ஆனாலும் சபை வேனில் முதல் ஆளா ஏறுவேன். வேரோட ஒண்ணைப் பொறுக்கி, இதுக்குப் பக்கத்தில் வச்சு ஒத்துப் பார்த்து, இவன் யாருன்னு கல்லறைத் தோட்டத்தில் வந்து சொல்றேன். அதுவரைக்கும் உங்க விரல் இருக்கிற இடத்தில் யாரும் கை வைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
மூத்ததும் கடைசியுமான உங்க ஒத்த மக,
பியூலா