கீழ்வீட்டுக்காரங்க

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் அதே கீறல் சத்தம். எங்கள் வீடு குட்டைத் தூண்கள்மேல் நிற்பது. பலகைத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு இருட்டு. எலிகள் அங்கேதான் குடியிருக்கின்றன. பெயரைச் சொன்னாலே அக்கா இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொள்வாள் என்பதால் அம்மா வேறு பெயர் வைத்திருக்கிறாள். "கீழ்வீட்டுக்காரங்க இன்னிக்கு என்ன, கட்டில் பீரோவையெல்லாம் இடம் மாத்துறாங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கால் கூசியது.

மார்ச் 6, வியாழன்

அப்பா சொல்லிவிட்டார். "நீதானே படிச்சவ. பாக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு பாத்து மருந்து வாங்கிட்டு வா." இந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மாத்திரை அட்டை, மின்சார ஆபீஸ் கடிதம், இப்போது எலிமருந்து. எழுத்து இருக்கிற எல்லாம் என் தலையில்.

கடையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். கடைக்காரர் உரக்கக் கேட்டார்: "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?" எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருந்தது. இல்லை என்று தலையாட்டிவிட்டேன். எட்டு ரோஸ் நிறக் கட்டிகள் உள்ள பாக்கெட்டைக் கொடுத்தார்.

ஏன் அப்படி ஆட்டினேன்? அக்காவின் மகள் மிளகுக்கு மூன்று வயது.

மார்ச் 7

எட்டையும் வைத்தாயிற்று. மிளகு போகாத மூலைகளாகப் பார்த்துத்தான் வைத்தேன். "கீழ்வீட்டுக்காரங்களுக்கு விருந்து வெச்சாச்சா?" என்று அம்மா கேட்டாள். அக்காவின் இடுப்பிலிருந்து மிளகு, "விருந்தா?" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

அடுப்புக்குப் பின்னால் வைத்த கட்டியைக் காணோம். "அதுங்க தின்னிருக்கும். அதுக்குத்தானே வெச்சது" என்றார் அப்பா. எனக்கும் நிம்மதி. பிறகு மிளகுக்குக் கை கழுவிவிடப் போனேன். உள்ளங்கை முழுக்க ரோஸ்.

கத்திவிட்டேன். வாயில போட்டியாடி, சொல்லு, போட்டியா? நான் கத்தி அவள் கேட்டதே இல்லை. அக்கா தோளில் முகத்தைப் புதைத்தவள் அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்டார். பாக்கெட் என் கையில்தான், நாக்கு எழவில்லை. "நீதானே வாங்கினே, சொல்லேன்டி!" என்று அக்கா அலறினாள். எழுத்தெழுத்தாகப் படித்தேன். ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்தாம். உடனே ஒன்றும் தெரியாதாம். இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. அதற்குள் ஈறில் ரத்தமோ தோலில் நீலமோ கண்டால் ஓடிவர வேண்டும். "தின்னது நிச்சயமா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 10

வேலைக்குப் போகவில்லை. மிளகின் ஈறை இருபது தடவை பார்த்திருப்பேன். முழங்காலில் ஒரு நீலம் — போன வாரம் விழுந்தாளே, அதுதானே? ஓரம் மஞ்சளாகியிருக்கிறது. பழசுதான். பழசுதான்.

கடையில் தலையாட்டியதை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "வாய்னு ஒண்ணு எதுக்குடி இருக்கு உனக்கு?" அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் மிளகு தன் பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாள். பாதி வாய்க்கு. மறுபாதியை மூலையில் உடைந்த பலகையின் ஓட்டைக்குள் போட்டாள்.

அவளருகே தரையில் உட்கார்ந்தேன். மெல்லத்தான் கேட்டேன். "யாருக்கு?"

"கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு."

"ரோஸ் மிட்டாயும் குடுத்தியா?"

தலையாட்டினாள்.

தலையாட்டலை நான் எப்படி நம்புவேன்? நானும் ஆட்டியவள்தானே.

அப்பாவுக்கு முழங்கால் மடங்காது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு. அக்காவைச் சொல்லவே வேண்டாம். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு வீட்டுக்கடியில் நானே நுழைந்தேன். மண்ணில் வயிற்றால் ஊர்ந்தேன். மூத்திர நாற்றம். தலையெல்லாம் ஒட்டடை. மணிக்கட்டின்மேல் ஏதோ ஏறி ஓடியது, வெதுவெதுப்பாக. கத்தினால் டார்ச் விழுந்துவிடும். கத்தவில்லை. அம்மா மேலிருந்து பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்: "இங்க, இங்க!"

ஓட்டைக்கு நேர் கீழே ஒரு குவியல். பிஸ்கட் தூள், ரொட்டி ஓரங்கள், ஒரு பொத்தான், அம்மா மாதக்கணக்கில் தேடுகிற டீ ஸ்பூன். இத்தனை நாள் அதுகளுக்குப் படியளந்தது யாரென்று தெரிந்துபோயிற்று. ஸ்பூனுக்குப் பக்கத்தில் ரோஸ் கட்டி. முழுசாக. பிஸ்கட் விழுகிற வீட்டில் விஷத்தை எது தொடும்? ஒரு பக்கத்தில் மட்டும் மிளகின் குட்டி நகத்தின் தடம்.

அங்கேயே மண்ணில் முகத்தை வைத்து அழுதேன்.

மதியம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

மார்ச் 14, வெள்ளி

எட்டுக் கட்டியையும் பொறுக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். இன்றும் கூட்டம். "இதைத் திருப்பி எடுத்துக்குங்க. எங்க வீட்ல மூணு வயசுக் குழந்தை இருக்கு." என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அன்னிக்கு இல்லேன்னீங்களே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

பதிலுக்கு இரண்டு எலிக்கூண்டுகள் கொடுத்தார். கூட்டத்துக்கு நடுவே அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 15

மூலைப் பலகையை அப்பா ஆணியடித்து மூடிவிட்டார். சாப்பிடும்போது கீழே மறுபடி கீறல்.

"கீழ்வீட்டுக்காரங்க!" என்றாள் மிளகு, தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தபடி. அம்மா சிரிக்கவில்லை.

"எலி" என்றேன்.

அக்கா இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டாள். மிளகு அவளைப் பார்த்தாள். கையில் இருந்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டுத் தன் கால்களையும் தூக்கிக்கொண்டாள்.