அப்பாவின் இடது கன்னம்

மெட்டுகுடா, செகந்திராபாத்
19.8.2007

அன்பு மகள் ஷோபாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. பழனியாண்டவர் புண்ணியத்தில் இங்கே நாட்கள் நல்லபடியாகப் போகின்றன. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பா ஏன் கம்ப்யூட்டர் காமிரா முன்னால் வரமாட்டேன் என்கிறார், கோபமா என்று அழுதாயே, கோபமில்லை கண்ணு. போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். முகவாதத்தில் கோணின வாய் இன்னும் நேராகவில்லை, இடது கன்னம் தொங்கியே இருக்கிறது, அதை நீ பார்க்கக் கூடாதாம். ஒர்க்‌ஷாப் சிநேகிதர் துரைராஜ் வந்தால்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார். நானும் வற்புறுத்தாமல், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நீ அனுப்பின ஆயில் பெயிண்டில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். நீ மியூசியத்தில் வாங்கி அனுப்பினாயே, வெள்ளைக்கார ஓவியர் ஒருவர் வயசான காலத்தில் கண்ணாடி பார்த்துத் தன்னையே வரைந்த படத்தின் அச்சு, அதைப் பார்த்துத்தான் பழகுகிறேன். பெயிண்டைப் பருப்பளவுதான் பிதுக்குகிறேன், வீணாக்கவில்லை. சாமி படத்துக்குக் கண்ணைக் கடைசியில்தானே திறப்போம், அந்தப் பழக்கத்தில் இந்த ஓவியருக்கும் கண்ணை விட்டுவிட்டு மூக்கு, தாடை, தொப்பி எல்லாம் முடித்தேன். கைக்கு, எதுக்கு இந்தக் கிழவனைக் குருடனாக்கி வச்சிருக்கே என்று இந்த ஊர் உருது கலந்து கேட்டார் அப்பா. அவர் கேலி பேசி எத்தனை நாளாச்சு, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கண் வைத்தால் பொருந்தவே இல்லை, காய்ந்த முகத்தில் பொட்டு ஒட்டின மாதிரி இருந்தது. சுரண்டிவிட்டுக் கண்ணிலிருந்தே மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை என் கை இரக்கப்பட்டு அந்த மனுஷனின் தொங்கின கன்னத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. அப்பா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்து, அவனே மறைக்கல, நீ யாரு அவனை மாப்பிள்ளையாக்க என்று சண்டைக்கு வந்தார். அப்படியானால் உங்களைப் போடட்டுமா, நானும் எதையும் மறைக்கமாட்டேன் என்றேன். நக்கோ, வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வருகிறேன், ஷேவ் செய்து சலவைச் சட்டை போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், இடது கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு. கண்ணை முதல்ல போடு என்று எனக்கு உத்தரவு வேறே. பாதி முடிந்திருக்கிறது, காய நாளாகும். உன் பிறந்தநாளன்று இந்தப் படத்தை உனக்குக் காமிராவில் காட்டலாமா என்று கேட்டேன். படம் எதுக்கு, நான் இல்லையா என்றார்.

அன்றைக்கு நீ அழக் கூடாது, வாய் எப்படியிருக்கு என்றும் கேட்கக் கூடாது, எப்போதும் போல அவரோடு சண்டை போடு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. முருகன் உங்கள் இருவருக்கும் துணையிருப்பான்.

ஆசியுடன்,
உன் அம்மா
வள்ளியம்மாள்