சம்பந்தி கொடுத்த விட்டமின் போத்தல்

யாருடைய முகமும் வாடப் பொறுக்காத என் அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்கு நேற்று முடிந்தது. படையலில் வடை, மோதகம், இளநீர், அம்மாவுக்கு ஒளித்து நீங்கள் பிடித்த சுருட்டு எல்லாம் வைத்தோம். என் மாமியார் ஒரு விட்டமின் போத்தலையும் கொண்டுவந்து இலையின் ஓரத்தில் வைத்தார். "சம்பந்தி விரும்பிக் குடிச்சது" என்றார். கண்ணீர்கூட விட்டார். எனக்கு அந்த இலையையே தூக்கி எறியவேண்டும் போலிருந்தது.

விரும்பியா குடித்தீர்கள், அப்பா?

போன வருடம் மாமி இந்த விட்டமின் குளிசை விற்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஓர்ஸ் ஹில் பக்கத்தில் வயதானவர்கள் இருக்கிற வீடு ஒன்றையும் விடவில்லை. "வயசு போகப் போக உடம்புக்குள்ள கறள் பிடிக்கும். இது அதைப் போக்கும்" என்பார். நீங்கள் காலமெல்லாம் துறைமுகத்தில் கப்பல் இரும்பில் கறள் சுரண்டியவர். குளிசையால் போகிற கறள் எது என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் சிரித்தபடி வாங்கினீர்கள்.

வேண்டாமென்று சொல்லச் சொன்னேன். "நீ வாழப் போன வீடு, பிள்ளை. அவவின்ர முகத்தை முறிச்சுக் கதைக்க ஏலாது" என்றீர்கள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இதையும் கிளினிக் குளிசையையும் சேர்த்துக் குடித்தால் உடம்புக்குச் சூடு என்று மாமி சொல்ல, நீங்கள் எதை நிறுத்தினீர்கள்? ஆஸ்பத்திரி கிளினிக்கில் வரிசையில் நின்று காசில்லாமல் வாங்கிவந்த பிறஷர் குளிசையை! மாமி வரும்போதெல்லாம் போத்தலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பாராம். அம்மா இப்போதுதான் சொல்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நீங்களும் தவறாமல் குடித்தீர்களாம்.

பாரிசவாதம் உங்களை விழுத்திய அன்று டொக்டர் அந்தப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடம்பில குறை இருந்தா இதுகளைக் குடுப்பம். ஆனா இது பிறஷருக்கு மருந்தில்லை. குளிசையை ஏன் நிப்பாட்டினவர்?" நான் என்ன சொல்ல? மரியாதைக்காக என்றா?

நேற்றுச் சொந்தக்காரர் எல்லாரும் போனபின் மாமி குசினிக்குள், அடுப்படிக்கே வந்தார். கையில் புதுப் போத்தல். அம்மாவுக்கும் பிறஷர் இருப்பது அவருக்குத் தெரியும்.

"சம்பந்தி, இனி நீங்கள் உங்கட உடம்பைப் பாக்கோணும். அந்தக் கிளினிக் குளிசையளை விட்டுப்போட்டு இதைப் போடுங்கோ."

அம்மா உங்களைப் போலவே சிரித்தார். கையையும் நீட்டினார். நான் நடுவில் போய் நின்றேன்.

"வேண்டாம் மாமி. கொண்டு போங்கோ."

"உன்ர கொப்பர் ஒருநாளும் எனக்கு வேண்டாமெண்டு சொன்னதில்லை."

"ஓம் மாமி. அதாலதான் இண்டைக்கு அவருக்குப் படைச்சனாங்கள்."

மாமியின் முகம் கறுத்துப்போனது. உங்கள் மருமகன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் பேசவில்லை. நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அது நடந்துவிட்டது, அப்பா. நடந்தும் நான் சோறு சமைத்தேன், சாப்பிட்டேன், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவுதானா அது? இதற்காகவா போனீர்கள்?

அம்மாவின் குளிசை இனி என் பொறுப்பு. ஒவ்வொரு நாளும் போய், அவர் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பேன். எவர் என்னோடு கதைக்காவிட்டாலும் நிற்பேன்.

உங்கள் மேல் இன்னும் கோபம் ஆறாத,
மூத்த மகள்