இந்த வாரம் யார் பின்னால்

போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடையில் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். எனக்கென்ன அது புது வாசனையா? பதினாறு வருஷமாக ஷூ கம்பெனியில் அந்தப் பசை நாற்றத்தில் உட்கார்ந்துதான் தைக்கிறேன். சீயக்காய் போட்டு அலசினாலும் தலைமுடியை விட்டுப் போகாது. ஆனால் கம்பெனியில் வராத நீ பஞ்சர் கடையில் வந்தாய். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கும் பாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நல்லா தேச்சிட்டு ஒட்டு பாய். ஷூவுல பிஞ்சா ரிஜெக்ட்டு, ரோட்ல பிஞ்சா ஆளே ரிஜெக்ட்டு" என்று அவருக்கே பாடம் நடத்துவாயே, அப்படி வந்தாய்.

இரண்டு வருஷமாக என் சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடந்தது. டயர் இரண்டும் வெடிப்பு விட்டிருந்தன. பாய் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சைக்கிள வெச்சி பூஜ பண்ணினு இருந்தியா?" என்றார். நான் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த உன் மகளும் சிரிக்கவில்லை. அவள் கடைக்குள் தொங்கிய கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, தன் தோளுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இப்போது நம் கம்பெனியில்தான் இருக்கிறாள். சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. எனக்கும் அவளுக்கும் சேர்த்து முதல் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். ஆறரை மணிக்கு கேட்டுக்குள் இருக்க வேண்டும். அந்நேரத்தில் நம் ஊர்ப் பக்கம் ஷேர் ஆட்டோ வராது, கம்பெனி வேனும் ஊருக்குள் திரும்பாது. "சைக்கிள்லயே போயிடலாம் பெரிம்மா" என்று அவள் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைக் கொண்டுபோன ரோட்டில் உன் பெண்ணையும் ஏற்றிவிட எனக்கு மனசு வருமா? வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க வரலன்னா நான் தனியா போறேன்" என்றாள். உன் வயிற்றில் பிறந்தது வேறு எப்படிப் பேசும்?

அந்த ரோட்டை நீ மறந்திருக்கமாட்டாய். ஹைவே ஓரமாகவே போகும் ஆறு கிலோமீட்டர். மேம்பாலத்துக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் ஏறினால்தான் ஆம்பூருக்குள் போகலாம். காலையில் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். கம்பெனி வேன்கள், காலேஜ் பஸ், எதிர்த்திசையில் வரும் பைக்குகள், அத்தனைக்கும் நடுவில் தோல் பதனிடும் கம்பெனிக்கு உப்பு போட்ட பச்சைத் தோல் ஏற்றிய லாரி. அந்த லாரியிலிருந்து ஒழுகும் தண்ணீர் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகும். அதன்மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். "அந்த கோட்ட தாண்டணும்னா நேரா தாண்டு, சாய்ச்சி தாண்டாத" என்பாய். ஓரமாகப் போகிறேன் என்று நான் மண்ணில் இறங்கினாலும் திட்டு விழும். "மண்ணுல போனா சறுக்கி ரோட்டுக்குள்ள தான் விழுவ. தார்லயே ஒரு மொழம் உள்ள தள்ளி போ. நீ ஒருத்தி போறது வண்டிக்காரனுக்குத் தெரியணும்."

எனக்குப் பயம் ஜாஸ்தி. பின்னால் ஹாரன் கேட்டாலே தலையைத் திருப்பிவிடுவேன். தலை திரும்பினால் கையும் திரும்பும், கை திரும்பினால் ஹேண்டில்பாரும் திரும்பும். அப்படித்தான் ஒருநாள் காலேஜ் பஸ் வரும்போது ரோட்டுக்கு நடுவிலேயே போய் நின்றேன். பஸ்காரன் பிரேக் போட்ட சத்தத்தில் எனக்குக் காது அடைத்துப்போயிற்று. நீ சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் முதுகிலேயே ஒன்று வைத்தாய். அழுதுகொண்டே வைத்தாய்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் சட்டம் போட்டாய். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். முன்னால் போகிறவள் எது வந்தாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது. பின்னால் வருகிறவள்தான் இருவருக்கும் கண். அவள் சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்தால் சின்ன வண்டி வருகிறது, ஆடாமல் போ. இரண்டு அடித்தால் பெரிய வண்டி, கொஞ்சம் ஓரம் கட்டு. மூன்று அடித்தால் நில், இறங்கு, மண்ணுக்குப் போ. மறுபடி ஒரு மணி வந்தால்தான் ஏறவேண்டும். "பின்னாடி வர்றவளுக்குத்தான் ஆபத்து கூட. எது வந்தாலும் மொதல்ல அவ மேலதான் வரும். அதனால வாரம் ஒருத்தி. திங்கக்கிழம மாத்திக்கலாம். முறைன்னா முறை" என்றாய். தையல் லைனில் இருந்த பெண்கள் எல்லாம் கேலி செய்தார்கள், இவளுங்க ரெண்டு பேரும் ரயில் ஓட்டுறாளுங்க என்று. ஆளுக்கொரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை பார். பொம்பளை சைக்கிளில் கண்ணாடி வைத்தால் முகம் பார்க்கிறாள் என்று பேசுவார்களாம். அதற்குப் பயந்து ஒரு மனுஷியைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டோம்.

மூன்று வருஷம் அப்படி ஓட்டினோம். நீ பின்னால் வரும் வாரத்தில் எனக்குப் பயமே இருக்காது. மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்றுகூட யோசித்துக்கொண்டு போவேன். என் வாரம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே போய் பிரேக்கை அமுக்கி அமுக்கிப் பார்ப்பேன். உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. நீயும் தெரியாத மாதிரியே இருந்தாய்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஐப்பசித் தூறல். அது என் வாரம். முந்தின நாள் ஒரு தோல் லாரி என் முழங்கையை உரசிக்கொண்டு போயிருந்தது. காற்று இழுத்த இழுப்பில் முந்தானை பறந்து முகத்தில் அடித்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் தெருமுனையில் உன்னைப் பார்த்ததும், "தல வலிக்குதுடி. இன்னிக்கி ஒருநாள் நீ பின்னாடி வர்றியா?" என்று கேட்டேன். தலை வலிக்கவே இல்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். "பேஜார் பண்ணாத, போக்கா முன்னாடி" என்றாய். உன் சைக்கிளைப் பின்னுக்கு இழுத்து எனக்கு வழி விட்டாய். அந்த வழியில் நான் போனேன். இதைத்தான் இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

மேம்பாலத்துக்கு முன்னால் இரண்டு மணி அடித்தாய், ஓரம் கட்டினேன். ஒரு பஸ் போனது. பிறகு மூன்று மணி. அவசரமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு மூன்று. நான் இறங்கி மண்ணுக்குப் போனேன். ஏதோ சத்தம் கேட்டது. அந்த ரோட்டில் எந்நேரமும் ஏதாவது சத்தம்தானே. நீ சொல்லிக்கொடுத்த மாதிரி திரும்பிப் பார்க்காமல் நின்றேன். அந்த ஒற்றை மணிச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். ஹேண்டில்பாரில் தூறல் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்ற பிறகு திரும்பிப் பார்த்தால் என்ன குடிமுழுகிவிடும்? ஓட்டும்போது பார்க்கக்கூடாது என்றுதானே சட்டம். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. எதிர் டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாஸோடு என்னைத் தாண்டிப் பின்னால் ஓடினார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பினேன்.

ஒரு மினி லாரி அந்த வழுக்கல் கோட்டில் பிரேக் பிடித்து, சறுக்கித் திரும்பி உன்மேல் மோதியிருக்கிறது. நீ எனக்கு மணி அடிக்காமல் நீ மட்டும் இறங்கி ஓடியிருந்தால் பிழைத்திருப்பாய் என்று டீக்கடைக்காரர் போலீஸிடம் சொன்னார். என் காதுபடத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மத்தியானம் வரைக்கும் உனக்கு நினைவு இருந்தது. உன் மகள் மட்டும் உள்ளே போனாள். நான் வெளியே, ஈரப் புடவையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய் உன் காலைப் பிடித்திருக்க வேண்டும். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானேதான் போகவில்லை. காரியம் முடிந்த பிறகு உன் மகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். அவளோ பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பாள், காய்ச்சல் என்றால் வந்து கஞ்சி வைப்பாள். அவள் ஒவ்வொரு தடவை பெரியம்மா என்று கூப்பிடும்போதும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உன் வீட்டு வாசலுக்கு வந்தோம். ஒரே ஒரு கண்ணாடிதான் வாங்கியிருந்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அதை என் சைக்கிளில் மாட்ட ஆரம்பித்தாள்.

"உன்னுதுல மாட்டிக்கோம்மா" என்றேன்.

"இல்ல பெரிம்மா. கடைசில வர்றவங்களுக்குத்தான் இது வேணும். அவங்களுக்குப் பின்னாடிதான் யாரும் இல்ல. திங்கக்கிழமைக்கு திங்கக்கிழம கழட்டி மாத்திக்கலாம்."

நம் சட்டத்தில் இருந்த ஓட்டையை ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு இந்தப் பெண் அடைக்கிறாள். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டு இவள் கூட ரோட்டில் இறங்கினால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அன்னிக்கி அது என் முறைம்மா. உங்கம்மா முறை இல்ல" என்றேன்.

அவள் கை நின்றது. "அம்மா அவங்க முறைன்னு சொன்னாங்களே."

"எப்ப சொன்னா?"

"ஆஸ்பத்திரில. மூச்சு வாங்குது, அப்பவும் சொன்னாங்க. இந்த வாரம் என் முறைதான், பெரிம்மாவ யாரும் ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு."

அடிப் பாவி. உயிர் போகிற நேரத்தில் அந்தப் பொய் எதற்கடி உனக்கு? நீ அதைச் சொல்லாமல் போயிருந்தால் உன் மகள் என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பாள். நானும் அழுது தீர்த்திருப்பேன். அவள் வைத்த கஞ்சியை இரண்டு வருஷம் என்னைக் குடிக்க வைத்துவிட்டாயே. உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். நான் பட்டேன். தலைவலி இல்லை, பயம்தான் என்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் வாசற்படியில் உட்கார்ந்து அவளிடம் சொல்லி முடித்தேன்.

அவள் கண்ணாடியின் நட்டை இறுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள். அந்த நேரத்தில் அவள் ஸ்பேனரால் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப இந்த வாரம் உங்க முறை பெரிம்மா" என்றாள்.

இந்த ஆறு நாளும் அவள் பின்னாலேயே போனேன். மார்கழிப் பனியில் லாரி விளக்குகள் மஞ்சளாகத்தான் தெரியும். கண்ணாடியில் ஒரு கண், அவள் முதுகில் ஒரு கண். "லாரிக்காரன் மூஞ்சிய பாக்காத, முன் சக்கரத்த பாரு. அது எந்தப் பக்கம் திரும்புதோ அதான் நெஜம்" என்று நீ சொல்வதைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பஸ் நின்றால் நாங்களும் நின்றோம், அதன் இடது பக்கம் நுழையவில்லை. மூன்று தடவை மூன்று மணி அடித்தேன். மூன்று தடவையும் அவள் இறங்கி மண்ணுக்குப் போய் நின்றாள். மேம்பாலத்துக்கு முன்னால் தினமும் பிரேக்கில் விரலை வைத்துக்கொண்டேதான் போனேன். ஆனால் பின்னால் வருவதைவிட முன்னால் போவதுதான் இனி எனக்குக் கஷ்டம் என்று நேற்றுச் சாயங்காலம்தான் தெரிந்தது.

ஷிப்ட் முடிந்து உன் வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றினாள். "நானே பின்னாடி வர்றேன்மா, எல்லா வாரமும். எனக்குப் பழகிப்போச்சு" என்று கெஞ்சினேன்.

"வேணாம் பெரிம்மா. எங்கம்மா உங்களுக்காக முறை மாத்திக்கிட்டாங்க. நீங்க எனக்காக மாத்திக்காதீங்க" என்றாள்.

அவள் கண்ணாடியைத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டே, "இன்னொண்ணு. மூணு மணி அடிச்சி நின்னதுக்கு அப்பறம் பத்து எண்ணுங்க. அதுக்குள்ள ஒரு மணி வரலன்னா திரும்பி ஓடி வாங்க" என்றாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. உன் மகள் என் பின்னால் வருவாள். ஓட்டும்போது திரும்பமாட்டேன், சத்தியம். ஆனால் நின்ற பிறகு என்னால் பத்து வரைக்கும் எண்ண முடியாதடி. மூன்றிலேயே திரும்பிவிடுவேன்.