விசிறிச் சத்தம்

மார்ச் 3

இன்றும் லேப்டாப் பாதியில் நின்றது. லினக்ஸ் இயங்குதளத்தின் எழுத்துகள் சரசரவென்று ஓடி, கடவுச்சொல் போட்டு உள்ளே நுழையும் திரை வர வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. எதை அழுத்தினாலும் கல்லுளிமங்கன் மாதிரி அசையாமல் கிடக்கிறது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து, மூச்சுத் திணறவைத்துக் கொன்று, மறுபடி எழுப்பினேன். மறுபடி கொன்றேன். அது ஒருவழியாக எழுந்து வந்தபோது அவர் தூங்கும் நேரத்தில் பாதி போயிருந்தது.

அவர் தூங்கும்போதுதான் எனக்கு வேலை. இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது லேப்டாப்பை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். "நான் வீட்ல இருக்கும்போது பாரு. யாரு வேணாம்னா?" ஆனால் சத்தம் வரக் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. படுக்கையறையின் வெளித் தாழ்ப்பாளுக்கு நானே எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். எவ்வளவு நல்ல மனைவி.

மார்ச் 4

கட்டட வரைபட அலுவலகத்து மேடம் போனில்: "பதினொண்ணாம் தேதிக்குள்ள வீடியோவ அனுப்பிடும்மா. நல்லா வந்தா வேலை உனக்குத்தான். நம்ம பொண்ணுங்க தங்க மாடியில ரூம் இருக்கு."

ரூம் என்பதை ஏதோ டீ இருக்கு என்பதுபோலச் சொன்னார். நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் கேட்பது ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம். அதற்குள் ஒருவர் நடந்து போவதுபோலப் படம். இதுவரை நான் செய்து கொடுத்ததெல்லாம் கோட்டுப் படங்கள். இது வேறு. எந்தச் சுவரில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று லேப்டாப் ஒவ்வொரு படமாகக் கணக்குப் போட்டு ரெண்டர் செய்ய வேண்டும்.

நின்று நின்று சாகிற இந்தச் சனியனை வைத்துக்கொண்டு எப்படி?

மார்ச் 5

வலது கை. எழுத வரவில்லை.

மார்ச் 6

நேற்று டம்ளர் கை தவறி விழுந்தது. எழுந்து வந்தார். என் விரல்களைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்துக் காலால் சாத்தினார். நான் கத்திவிடக் கூடாது என்று இன்னொரு கையால் வாயைப் பொத்தினார். சத்தம் போட்டதற்குத்தான் அடி, அதையும் சத்தம் போடாமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அவரே ஐஸ் வைத்துவிட்டார். "ராத்திரி பூரா யாருக்காக உழைக்கிறேன்?"

சாயங்காலம் இடது கையால் கத்தியைப் பிடித்து வெங்காயம் நறுக்கினேன். வெங்காயத்தை மட்டும்தான் நறுக்கினேன்.

மார்ச் 8

இணையத்து லினக்ஸ் குழுவில் ஒருவர் இருக்கிறார். லினக்ஸின் உட்கருவான கெர்னல்வரை அத்துப்படி என்பதால் எல்லோரும் கெர்னல் அக்கா என்பார்கள். அவரிடம் கேட்டேன். "நின்னுபோன தடவையோட லாக் அனுப்பு" என்றார், லேப்டாப் தான் செய்ததை வரிவரியாக எழுதி வைக்கும் குறிப்பு. அனுப்பினேன். கடைசி வரி: பெரிய கார்டுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் ஒன்றும் இல்லை.

இதில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள். சின்னது கோட்டுப் படங்களுக்குப் போதும், வாயைத் திறக்காது. பெரியதுதான் ரெண்டருக்கு. அது விழித்திருந்தால் சூடாகும், குளிர்விக்க உள்ளிருக்கும் விசிறி இரையும்.

"உள்ள நுழையுற திரை ரெண்டு கார்டையும் தட்டிப் பார்க்கும். பெரிசுக்கு உயிரே இல்ல. பதில் வரும்னு காத்துக்கிட்டே மொத்தமும் உறைஞ்சிடுது. சில நாள் திரை முந்திக்கும், அன்னிக்குத் தப்பிச்சிடுவ. இந்த அணைக்கிற ஸ்கிரிப்ட யாரு எழுதினது?"

நான்தான். போன வருடம் விசிறி இரைந்த அன்று என் தலையை மேசையில் மோதினார். காயம் ஆறுவதற்குள் உட்கார்ந்து எழுதினேன், லேப்டாப் எழும்போதே பெரிய கார்டின் உயிரை எடுத்துவிடும்படி. அன்றைக்கு எனக்கு என்ன பெருமை.

"ஏன் அணைக்கிற? பேட்டரிக்கா?"

"வீட்டுக்காரர் தூங்கணும்கா. முழிச்சா அடிப்பாரு."

அக்கா லேப்டாப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு, "எந்த ஊர்ல இருக்க நீ?"

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 9

சின்ன கார்டை வைத்தே ரெண்டர் போட்டுப் பார்த்தேன். அடுத்த மாதம் முடியும் என்று காட்டுகிறது. பெரியது இல்லாமல் ஆகாது. படம் வேண்டுமென்றால் விசிறி இரையத்தான் செய்யும்.

மார்ச் 10

ஸ்கிரிப்டை அழித்துவிட்டேன். எத்தனை முறை எழுப்பினாலும் நிற்காமல் வந்தது. விசிறி வேகம் பிடிப்பதற்குள் அணைத்தேன். நாளை அணைக்க மாட்டேன்.

மார்ச் 12

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று அவர் தூங்கியதும் ரெண்டரை ஓடவிட்டேன். துண்டை நனைத்துப் பிழிந்து கதவுக்கு அடியில் வைத்தேன். மதியம் வரை தாங்கியது. பிறகு விசிறி முழு மூச்சில் இரைய ஆரம்பித்தது.

வந்தார். "அத நிறுத்து."

"முடியாது."

அறைந்தார். விழுந்தேன். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். லேப்டாப்பை நோக்கிக் கையை நீட்டினார். எனக்குக் கையில் கிடைத்தது குக்கர். ஓங்கிப் போட்டேன். நெற்றியில். திரும்பவும் போட்டேன். புருவம் பிளந்தது. அவன் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம், நாற்காலி எழுந்து அடித்த மாதிரி. தள்ளாடிப் பின்னால் போனான். நெஞ்சில் கையை வைத்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் சத்தமே இல்லாமல் விழுந்தது.

இன்னும் கொஞ்சம் படங்கள் பாக்கி. அவன் உதைக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு உதைக்கும் சட்டத்திலிருந்து காரை உதிர்ந்தது. "வெளிய வந்தேன்னா கொன்னு போட்டுடுவேன்டி."

"கத்து. நல்லா கத்து. நாலு வீட்டுக்குக் கேக்கட்டும்."

கேட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாசலைத் தட்டினார். "என்னம்மா சத்தம்?"

"என் புருஷன் என்னைக் கொல்லப் பாக்குறான். கொஞ்ச நேரம் இங்கயே நில்லுங்கண்ணா."

கையில் துணி வெட்டும் கத்தரியோடு உள்ளே வந்து நின்றார். கதவின் மேல் கீல் தெறித்தது. கடைசிப் படம் முடிந்தது. வீடியோ போய்ச் சேரும்வரை அண்ணன் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். பிறகு லேப்டாப்பை அணைக்காமலே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினேன். அது தெருவெல்லாம் இரைந்துகொண்டே வந்தது.

ஸ்டேஷனில் ஏட்டம்மா எழுதிக்கொண்டார். "நீயும் அடிச்சிருக்கியே?" என்றார்.

"ஆமா, ரெண்டு தடவை."

கெர்னல் அக்காவுக்கு ஊர்ப் பெயரை அனுப்பினேன்.

மார்ச் 29

ஞாயிறு. மாடி ரூம். மதியம் அறைத்தோழி தூங்கிக்கொண்டிருந்தாள். மேடம் கொடுத்த அடுத்த கூடத்தை ஓடவிட்டேன். விசிறி வேகம் பிடித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஓடிப்போய்த் துண்டை எடுத்து லேப்டாப்பின் மேல் போர்த்தப் போனேன். கட்டில் அசைந்தது.

"சாரிப்பா, சத்தம் கேட்டு முழிச்சிட்டியா? அணைச்சிடறேன்."

"எந்தச் சத்தம்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

துண்டை மடித்து வைத்தேன்.