யாரு கேக்கணும்?

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்
1933 பிப்ரவரி 8

கோலார் தங்கவயலில் இருக்கும் அன்புத் தம்பி இக்னேஷியசுக்கு, உன் அண்ணி லூர்துமேரி எழுதுவது. சர்வேசுரன் தயவால் நானும் இந்த வீடும் விழாமல் நிற்கிறோம். அங்கே நீயும் உன் அக்கா டோரதியும் அவள் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காமல் படி.

உன் கடிதம் வந்தது. அலமாரி மேல் வைத்துவிட்டுப் போன பிடிலை விற்றுவிடுங்கள், வந்ததை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இனி நான் அதைத் தொடப்போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணனுக்கு மண் போட்ட அன்று கல்லறையில் நின்று சொன்னதையும் மறுபடி எழுதியிருக்கிறாய். "என்னால்தான் அண்ணி" என்று. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் முதலில் இங்கத்திய சேதிகளை எழுதுகிறேன்.

ராயபுரத்திலிருந்து கலியாண பாண்டுக்காரர் ஒருவர் பிடிலைப் பார்க்க வந்தார். நீதான் சொல்லி அனுப்பியிருப்பாய். பெட்டியைத் திறந்து, விரலால் ஒரு நரம்பைச் சுண்டினார். அடுப்பங்கரையில் இருந்த என் கையிலிருந்து கரண்டி விழுந்துவிட்டது. "பொருளுக்குச் சொந்தக்காரர் ஊரில் இல்லை, வந்ததும் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குக் கோபம். "இன்னாம்மா, வா வான்னு சொல்லிட்டு இப்ப இப்டி சொல்றே" என்று முனகிக்கொண்டே போனார். நீ கோபிக்காதே. மீதியைப் படி.

அண்ணன் போன பிறகும் வாசலில் ஆள் வருவது நிற்கவில்லை. படக் கொட்டகையில் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவருக்கு இத்தனை பேரைத் தெரியுமா என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பேசும் படம் வந்து, ஊமைப் படத்துக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்த உங்களையெல்லாம் முதலாளி வீட்டுக்கு அனுப்பினானே, அன்று அண்ணன் சோறு சாப்பிடாமல் எழுந்து போனார். சபாவில் உங்களைச் சேர்க்கமாட்டார்கள், கலியாணத்துக்கு நாயனம்தான் கேட்பார்கள், அப்படியானால் வீடு வீடாகப் பார்ப்போம் என்று கிளம்பியவர்தான். ஒருவர் மோட்டார் கொட்டகை, ஒருவர் அச்சுக்கூடம், பட்டினவர் வலை உலர்த்தும் கொட்டாய் என்று எங்கெங்கோ போய் நீங்கள் வாசிக்க இடம் பிடித்தார். தெருவில் அவருக்குப் பாட்டுத் தரகர் என்று பெயர் வைத்துக் கேலி பேசினார்கள். அதையும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார்.

அவர் வேலை செய்யும் விதம் உனக்குத் தெரியும். இடத்தின் நடுவில் நின்று ஒரு தரம் கையைத் தட்டிப் பார்ப்பார். சத்தம் எப்படித் திரும்புகிறது என்று கேட்பார். பிறகு வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி. "உங்க வீட்டுல யாரு கேக்கணும்?" பெரிய மனுஷர்கள் வருகிறார்கள், ஊரே கேட்கணும் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். எங்கம்மா கேக்கணும், என் தங்கச்சி கேக்கணும் என்று ஒரு ஆளைக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வார்.

அதையேதான் நானும் செய்ய ஆரம்பித்தேன். கொட்டகையில் உன்னோடு வாசித்த புல்லாங்குழல் சுவாமிநாதன் வந்து, "நீங்களாவது ஒரு வீடு பாருங்களேன்" என்று நின்றான். எப்படி முடியாது என்பது? முதலில் மயிலாப்பூர் வக்கீல் அனந்தராமன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்ற அம்மாள் என்னைக் கல்யாணத் தரகு பேச வந்தவள் என்று நினைத்து, "எங்காத்துல கல்யாணத்துக்குப் பொண்ணு இல்லையேடிம்மா" என்றார்கள். விளக்கிச் சொன்ன பிறகு மோட்டார் கொட்டகையைக் காட்டினார்கள். நான் நடுவில் நின்று கையைத் தட்டினேன். சமையல்காரர் ஈரக் கையோடு ஓடி வந்துவிட்டார். "கூப்ட்டேளா?" என்கிறார். இன்னொரு தரம் தட்டினேன். தோட்டக்காரனும் வந்துவிட்டான். அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பி, அண்ணன் போன பிறகு நானும் அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்துவிட்டேனே என்று வீட்டுக்கு வந்து அழுதேன். யாரு கேக்கணும் என்று வக்கீலைக் கேட்டதற்கு, ஐகோர்ட்டு நண்பர்கள் எல்லாரும் என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்ததுதான் பெரிய கூத்து. மந்தைவெளிப் பால்காரன் கபாலி தன் மாட்டுக் கொட்டகையில் வாசிக்கச் சொன்னான். யாரு கேக்கணும் என்றேன். "எங்க நைனா. வாதம் வந்து மாட்டுங்க பக்கத்துலயே படுத்துகினு கீறாரு" என்றான். எனக்குத் திருப்தியாக இருந்தது. சுவாமிநாதனிடம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மந்தைவெளியில் கபாலி வீட்டுக்குப் போ, கொட்டகையும் வைக்கோலும் இருக்கும், அதுதான் அடையாளம் என்று சொல்லி அனுப்பினேன். மயிலாப்பூர்ப் பக்கத்தில் கபாலி என்று மட்டும் சொல்லி ஆள் அனுப்புகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவன் போய் நின்றது ஜட்கா வண்டிக்காரன் கபாலி வீட்டில். அங்கேயும் கொட்டகை, அங்கேயும் வைக்கோல். கட்டியிருந்தது மட்டும் குதிரை.

அந்த வீட்டில் கபாலியின் பெண்சாதி செத்துக் காரியம்கூட ஆகவில்லை. கையில் குழலோடு ஆள் நின்றதும், அவன் அத்தைக்காரி, "சங்கு ஊதுறவன்தான் அன்னிக்கே வந்து ஊதிட்டுப் பூட்டானே, நீ இன்னாத்துக்கு வந்து நிக்கிறே?" என்று கத்தியிருக்கிறாள். சுவாமிநாதன் வந்த வழியே திரும்பிப் போகக் கிளம்பியிருக்கிறான். கபாலி உள்ளேயிருந்து வந்து யார் அனுப்பினது என்று கேட்டிருக்கிறான். அண்ணன் பெயரைச் சொல்லி, காஸ்பர் சம்சாரம் என்றதும், "அந்தம்மாவா? அப்ப குந்து. அதுக்குத் தெரியும்" என்றானாம். குதிரைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த கொள்ளுத் தொட்டிமேல் உட்கார்ந்து சுவாமிநாதன் வாசித்திருக்கிறான். பெண்சாதி போன நாளிலிருந்து கல்லாக இருந்த கபாலி, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். திட்டின அத்தைக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னொண்ணு வாசி, நைனா" என்றாளாம்.

பால்காரக் கபாலி மறுநாள் காலையில் பாலோடு சண்டையும் கொண்டுவந்தான். "யக்கா, கொட்டாயைக் கழுவி, கோலம் போட்டு, நைனாவுக்கு வெள்ளைத் துணி கட்டி வெச்சுகினு குந்தினு இருந்தேன். மயிலாப்பூர்ல கபாலின்னு சொல்லி அனுப்புறியே, சாந்தோம்ல மேரின்னு கூப்ட்டா எத்தினி பேரு திரும்புவாங்க, சொல்லு பாக்கலாம்" என்றான். அடுத்த ஞாயிறு சுவாமிநாதனை நானே கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அந்தப் பெரியவர் அசைகிற ஒரு கையால் தாளம் போட்டார். சேதி நல்ல சேதிதான்.

ஜட்காக் கபாலி வண்டியைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினான். எங்கே போகணும் சொல்லு, குந்து என்றான். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். உனக்கு என்று அனுப்பவில்லையப்பா, ஆள் வீடு மாறி வந்துவிட்டான், துக்க வீடு என்று தெரிந்திருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டேன் என்றேன். அவன் குதிரையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, "தப்பா வந்தா இன்னாக்கா, வந்துச்சில்ல" என்றான்.

அந்த வார்த்தை என்னை விடவேயில்லை. அந்த வண்டியிலேயே ஏறி, எங்கே போகப் பயந்துகொண்டிருந்தேனோ அங்கே போனேன். சைதாப்பேட்டைக்கு.

அண்ணன் கடைசியாக உனக்கு வீடு பிடிக்கப் போனது அங்கேதான். நெசவுக்காரர் குப்பன் வீடு. தறி வைத்திருக்கிற கூடத்தில் அண்ணன் எந்த இடத்தில் நின்று கை தட்டினார் என்று குப்பன் காட்டினார். அன்றைக்கு அடையாற்றில் வெள்ளம், ஓயாத மழை என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. குப்பன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மழை உட்டப்புறம் போலாம்னு சொன்னேம்மா, கேக்கல. குடை குடுத்தேன், வாங்கிக்கல. வீடு கெடச்சிடுச்சுப்பா, நனைஞ்சா இன்னா, இக்னேஷியசுகிட்ட இன்னிக்கே சொல்லணும்னு சிரிச்சிக்கினே தண்ணில எறங்கி நடந்தாரு."

அன்றிரவே காய்ச்சலில் நினைவு தப்பிப் படுத்தபோதும் அவர் உன்னிடம் சொல்லணும், சொல்லணும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எதை என்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. அவர் சொல்ல வந்ததை நான் சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டில் யார் கேட்கணும் என்று அண்ணன் கேட்டதற்கு, குப்பன் தன் மருமகளைக் காட்டினாராம். பெற்ற பிள்ளை தங்காமல் போனதிலிருந்து யாரிடமும் பேசாத பெண். நான் போனபோதும் தறிப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிடில்காரர் எப்ப வருவார் என்று குப்பன் கேட்டார். வருவார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது சரியா தப்பா, நீதான் சொல்லணும்.

திரும்பி வந்து விளக்கேற்றிவிட்டு, நம் வீட்டு நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்தேன். அவர் கட்டில் இருந்த மூலை இப்போது காலி. சத்தம் அங்கே போய்த் திரும்பி வருகிறது. இடம் நல்ல இடம்தான். துக்க வீட்டில் பாட்டா என்று கோயில் தெருவில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். விபூதிப் புதன் வந்துவிட்டால் தபசுகாலம், பாட்டு ஆகாது, பிறகு உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் நானே உன்னை வாசிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். அதற்கு முன்னால் வா. முதலில் இங்கே, பிறகு சைதாப்பேட்டை. ஸ்டேஷனில் கபாலி வண்டியோடு நிற்பான். எந்தக் கபாலி என்று குழம்பாதே, குதிரை வைத்திருப்பவன்.

யாரு கேக்கணும் என்று நீ கேட்க வேண்டாம். நான்தான்.

இத்தனை வருஷமும் நீ வாசித்து நான் கேட்டதேயில்லை, தம்பி. படக் கொட்டகைக்கு நான் வந்ததில்லை, அண்ணன் பிடித்த வீடுகளுக்கும் வந்ததில்லை. நான் கேட்டதெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். நீ வாசித்ததை வீட்டுக்கு வந்து, நான் மீன் கழுவிக்கொண்டிருக்கையில் பின்னால் நின்று பாடிக் காட்டுவார். உனக்குத்தான் தெரியுமே, அவருக்குச் சுருதியே நிற்காது. பாதியில் எங்கேயோ போய் எங்கேயோ இறங்குவார். போதும், மீன் ஓடிவிடும் என்பேன்.

பிடிலை நான் விற்கவில்லை. பெட்டியைத் துடைத்து, தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நீ வந்து சரியாக வாசித்தால் அந்தப் பாட்டு எனக்கு அடையாளம் தெரியாமல் போனாலும் போகும். அதனால் ஒரே ஒரு தரம், அவர் பாடின மாதிரி தப்பாக வாசி. அப்புறம் உன் இஷ்டம்.

வழியெல்லாம் மாதா உன் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அண்ணி,
லூர்துமேரி